லண்டன் காருக்குக் கிளிநொச்சியில நம்பர் பிளேட் வெட்டிக் குடுக்கலாமோ?

லேசர்கடை_கிளி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில போர்ட் எழுதுற, ஸ்ரிக்கர் வெட்டுற கடை. 60 வாட் லேசர் ஒண்டு, வினைல் கட்டர் ஒண்டு, இங்க்ஜெட் பிரிண்டர் ஒண்டு இருக்கு.

லண்டனில இருந்து லீவுக்கு வந்து நிக்கிற ஒராள் தன்ர காருக்கு முன் பின் ரெண்டு நம்பர் பிளேட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கேக்கிறார். எழுத்து கறுப்பு அக்ரிலிக்கில 5 மி.மீ. உயர்ந்து நிக்க வேணுமாம், அங்க அதை "4டி" எண்டு சொல்லுறவையாம். இப்ப காரில இருக்கிற பிளேட்டின்ர படத்தை வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறார். அதில கீழ் விளிம்பில பொடி எழுத்தில ஒரு கடையின்ர பேரும் தபால் குறியீடும், வலப்பக்க மூலையில "பி.எஸ்." எண்டு தொடங்கிற ஒரு இலக்கமும் கிடக்கு. "அதையும் அப்பிடியே போட்டுவிடு தம்பி" எண்டுறார்.

அந்தப் பொடி எழுத்து என்னத்துக்கு? போட்டால் பிழையோ, போடாமல் விட்டால் பிழையோ? எழுத்தின்ர உயரம், அகலம், இடைவெளி என்ன? எங்கட கையில இருக்கிற 3 மி.மீ. தெளிவு அக்ரிலிக்கும் சாதாரண ரிஃப்ளெக்ரிவ் ஸ்ரிக்கரும் காணுமோ?

இதோட உள்ளூர் வேலை ரெண்டும் வந்திருக்கு. ஒரு ஓட்டோக்காரப் பெடியன் சின்னதா, சரிஞ்ச எழுத்தில வடிவா ஒரு பிளேட் கேக்கிறான். முள்ளியவளைப் பக்கத்து ஐயா ஒராள் தன்ர பழைய உழவு மெசினில சிறீ நம்பர் (நடுவில சிங்களச் சிறீ எழுத்து வாற பழைய பதிவு இலக்கம்) அழிஞ்சு போச்சு, திருப்பி எழுதித் தா எண்டு நிக்கிறார். இது ரெண்டும் செய்யலாம்தானே?

வெம்பிளி_வாசி:

பொடி எழுத்தில இருந்தே தொடங்கிறன். பெரிய எழுத்தை லேசர் வைச்சிருக்கிற ஆரும் வெட்டலாம். பிரித்தானியாவில ஒரு பிளேட் சட்டமான பிளேட்டா இல்லையா எண்டு முதல் காட்டிக் குடுக்கிறது கீழ இருக்கிற அந்தப் பொடி எழுத்துத்தான்.

அங்க வீதியில ஓடுற வாகனத்துக்குப் பிளேட் விக்கிறவர் டி.வி.எல்.ஏ. எண்ட வாகனப் பதிவு நிறுவனத்தில விநியோகத்தராப் பதிஞ்சிருக்க வேணும். 2001ஆம் ஆண்டு வாகனக் குற்றச் சட்டத்தில வந்த ஏற்பாடு இது. 2003இல இங்கிலாந்து, வேல்ஸில தொடங்கி, 2008இல ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விரிஞ்சது. பதிவுக் கட்டணம் 40 பவுண்தான், ஆனால் அந்தப் பதிவு அங்க தொழில் நடத்துற இடத்துக்கு. கிளிநொச்சி விலாசத்துக்கு இல்லை.

பதிஞ்ச கடைக்காரன் சும்மா வெட்டிக் குடுக்கிறதும் இல்லை. வாங்க வாறவரின்ர பேர், விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு ஆவணம் பாக்க வேணும். அந்த நம்பரைப் போட அவருக்கு உரித்து இருக்கு எண்டதுக்கு வி5சி எண்ட பதிவுப் பத்திரமோ அதுக்கு ஈடான வேற பத்திரமோ, மூலப் பிரதியாப் பாக்க வேணும். பிறகு நம்பர், ஆளின்ர விபரம், பாத்த ஆவணத்தின்ர இலக்கம் எல்லாத்தையும் எழுதி 3 வருசம் வைச்சிருக்க வேணும்.

பிளேட்டில போடுற பொடி எழுத்து மூன்று சங்கதி. ஒண்டு, விக்கிற கடையின்ர பேரும் தபால் குறியீடும். மற்றது, பிளேட்டின்ர மூலப்பொருளைச் செய்தவரின்ர அடையாளம், அது ஒரு குறியாவோ முதலெழுத்தாவோ இருக்கலாம். மூன்றாவது பிரித்தானியத் தர இலக்கம். 2021 செப்ரெம்பர் 1 முதல் புதுசாப் பூட்டுற பிளேட் எல்லாம் பி.எஸ். ஏ.யூ. 145 ஈ. அதுக்கு முதல் பூட்டினது 145 டி எண்டு இருக்கும், அதைக் கழட்ட வேண்டிய தேவை இல்லை. உங்கட வாடிக்கையாளரின்ர படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. கடைசி எழுத்து டி-யோ ஈ-யோ எண்டு தெரிஞ்சால் பிளேட் எந்தக் காலத்தது எண்டு விளங்கிப் போகும்.

இப்ப கேள்விக்கு வாறன். அந்த எழுத்தைப் போடாமல் விட்டால் பிளேட் சட்டப்படி குறைபாடு. போட்டால் அதைவிட மோசம். வேறொரு கடையின்ர பேரையும் குறியீட்டையும் நீங்கள் போட்டால், அந்தக் கடை ஆவணம் பாத்துக் குடுத்தது எண்டு பிளேட்டே பொய் சொல்லுது. அங்க களவு கார், நெரிசல் கட்டணம், வேகக் கமரா எல்லாத்துக்கும் பிறத்தியாற்ற நம்பரை வெட்டிப் பூட்டி ஓடுற தொழில் ஒண்டு நடக்குது. சந்தேகம் வந்தால் பொலிஸ் அந்தப் பொடி எழுத்தை வாசிச்சு நேர கடைக்குப் போய்ப் பதிவேட்டைக் கேக்கும். பதிவேட்டில அந்த நம்பர் இல்லாட்டி, காருக்குச் சொந்தக்காரர் உண்மையான ஆளா இருந்தாலும் அதை நிரூபிக்கிற பாடு அவற்ர தலையில.

பிழையான பிளேட்டோட ஓடினால் தண்டம் 1,000 பவுண் வரைக்கும் போகலாம். எம்.ஓ.டி. எண்ட வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனையிலயும் விழுத்துவினம். காசு குடுத்து வாங்கின விசேட நம்பர் எண்டால் நம்பரையே திருப்பி எடுக்கலாம்.

என்ர தீர்ப்பு: ரோட்டில பூட்டுற பிளேட் எண்டால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கோ. அங்க பதிஞ்ச கடையில ஆவணத்தைக் காட்டினால் கொஞ்ச நேரத்தில அடிச்சுக் குடுப்பாங்கள்.

அக்கராயன்:

மேல சொன்னது சரி. ஆனாலும் அளவு தெரிஞ்சிருந்தால் வாறவைக்கு விளங்கப்படுத்தலாம், அதால எழுதிறன்.

காருக்கு எழுத்து உயரம் 79 மி.மீ., அகலம் 50 மி.மீ., கோட்டின்ர தடிப்பு 14 மி.மீ. இலக்கம் ஒண்டும் ஆங்கில ஐ எழுத்தும் மட்டும் விலக்கு, அதுகள் தனிக் கோடு எண்டபடியால் அகலமும் 14தான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில 11. நடுவில ரெண்டு கூட்டத்துக்கும் இடையில 33. சுத்திவர ஓரம் குறைஞ்சது 11. ரெண்டு வரியா எழுதினால் வரிக்கு இடையில 19.

இப்ப கணக்குப் பாருங்கோ. அங்கத்தைய இப்போதைய நம்பர் ரெண்டு எழுத்து, ரெண்டு இலக்கம், இடைவெளி, மூன்று எழுத்து, மொத்தம் ஏழு. ஏழு தரம் 50 எண்டால் 350. முதல் கூட்டத்துக்குள்ள மூன்று இடைவெளி, ரெண்டாவதுக்குள்ள ரெண்டு, ஆக ஐஞ்சு பதினொண்டு 55. நடு இடைவெளி 33. கூட்டினால் 438. வழமையான பிளேட் 520க்கு 111. இடது வலது ஓரம் 41 படி வரும், மேல கீழ 16 படி. அதால வடிவா உக்காரும். நம்பருக்குள்ள ஒரு "1" இருந்தால் 36 மி.மீ. குறைஞ்சு எழுத்துப் பகுதி 402 ஆகும், ஓரம் 59 படி. இந்த இடத்தில கனபேர் விடுற பிழை, வெறுமையாத் தெரியுது எண்டு இடைவெளியை 11இல இருந்து 15க்கு இழுக்கிறது. இழுக்கக் கூடாது. மிச்ச இடம் முழுக்க ஓரத்துக்குத்தான் போக வேணும்.

மறுவளமா, நடு 33ஐ ஒடுக்கி அல்லது இடம் மாத்தி நம்பரை ஆற்றையும் பேர் மாதிரி வாசிக்க வைக்கிறதும் பிழை. ஆணியைக் கறுப்பா எழுத்துக்குப் பக்கத்தில அடிச்சு சி-யை ஓ ஆக்கிறது, 1ஐ எல் ஆக்கிறது எல்லாம் அதே கணக்கில பிழை. ஆணி மூடி, வெள்ளைப் பிளேட்டுக்கு வெள்ளை, மஞ்சளுக்கு மஞ்சள்.

மோட்டார் சைக்கிளுக்கு எழுத்து 64க்கு 44, தடிப்பு 10, எழுத்திடை 10, கூட்டத்திடை 30, வரியிடை 13, ஓரம் 11. 2001 செப்ரெம்பர் 1 முதல் பதிஞ்ச சைக்கிளுக்குப் பின்னுக்கு மட்டும்தான், முன்னுக்குப் போடவே கூடாது. மேல் வரி நாலு எழுத்து, கணக்குப் பாத்தால் ஓரத்தோட 228 மி.மீ. அங்க கடையில 9 அங்குலம் தர 7 அங்குலப் பிளேட் விக்கிறதுக்குக் காரணம் அதுதான், 9 அங்குலம் 228.6. அதிலும் சின்னதா ஒருத்தர் கேட்டால் எழுத்தைச் சுருக்காமல் செய்ய வழியில்லை. அப்ப அது சட்டத்துக்கு வெளியில.

எழுத்துரு ஒண்டே ஒண்டு, சார்ள்ஸ் ரைட் எண்டு சொல்லுறது. சரிஞ்ச எழுத்து, உடைஞ்ச எழுத்து, நிழல் விட்ட எழுத்து ஒண்டும் இல்லை. பின்னணியில பூ, தேன்கூடு எண்டு எந்தக் கோலமும் இல்லை. முன் வெள்ளை, பின் மஞ்சள், எழுத்து கறுப்பு. 1980 ஜனவரி 1க்கு முதல் செய்த காருக்கு மட்டும், அது பழமை வாகன வரி வகுப்பில பதிஞ்சிருந்தால், கறுப்பில வெள்ளை போடலாம். இடப்பக்கம் பச்சைப் பட்டை கண்டால் அது புகையே விடாத வாகனம், 2020 டிசெம்பர் 8 முதல் வந்தது. ஹைபிரிட்டுக்குப் போடேலாது.

பரந்தன்சந்தி:

சாமான் பக்கத்தை ஆரும் தொடேல்லை. தம்பி கேட்ட "காணுமோ" எண்டதுக்கு ஒரு சொல்லில பதில்: காணாது. ஏன் எண்டதைச் சொல்லுறன், உள்ளூர் போர்ட் வேலைக்கும் உதவும்.

அங்கத்தைய சாதாரணப் பிளேட் ஒரு சான்ட்விச். முன்னால தெளிவு அக்ரிலிக், அதுக்குப் பின்னால கறுப்பெழுத்து அடிச்ச மெல்லிய படலம், கடைசியாப் பசையோட ரிஃப்ளெக்ரிவ் தாள். எழுத்து உள்ளுக்கு இருக்கு, மழையும் கல்லும் அதில படாது. நீங்கள் மேல ஒட்டப் பாக்கிற 4டி எழுத்து வெளியில நிக்கும். அதால அதின்ர பசைதான் உயிர்.

ரிஃப்ளெக்ரிவ் ஸ்ரிக்கரில எல்லாம் ஒரே சாதி இல்லை. கடையில ரோலா வாற விளம்பரத் தரத் தாள், கைத்தொலைபேசி ரோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில பிடிச்சு நேர பாத்தால் நல்லா மின்னும். அப்பிடியே பிளேட்டை 30 பாகை சரிச்சுப் பாருங்கோ, பாதி செத்துப் போகும். பிளேட்டுக்கெண்டு வாற தாள் சரிச்சாலும் பிடிக்கும். ஏ9இல இரவு லொறி வெளிச்சத்தில ஒரு போர்ட் கறுத்துப் போய்த் தெரியிறதுக்கும் பாதி நேரம் காரணம் இதுதான்.

ரெண்டாவது கறுப்பு. இங்க்ஜெட் சாய மையில அடிச்ச கறுப்பு எங்கட கண்ணுக்குக் கறுப்பு. நம்பர் வாசிக்கிற கமரா பாக்கிறது அகச்சிவப்பில. கனக்கச் சாயக் கறுப்புகள் அகச்சிவப்பை உள்ள விட்டு விடும், பின்னால இருக்கிற தாள் அதைத் திருப்பி அனுப்பும், கமராவுக்கு எழுத்தே தெரியாது. கரிக்கறுப்பு கலந்த நிறம் எண்டால் விழுங்கி விடும். 145 ஈ தரத்தில கறுப்பு ஒரே கறுப்பா இருக்க வேணும் எண்டதும், ரெண்டு நிழல் எழுத்தை வெளியேத்தினதும் இந்தக் கமரா வாசிப்பை மனசில வைச்சுத்தான். பழைய சிசிரிவி கமரா ஒண்டு கடையில இருந்தால் இரவில லைட்டை நிப்பாட்டிப் போட்டு அடிச்ச தாளை முன்னுக்குப் பிடிச்சுப் பாருங்கோ. எழுத்து சாம்பலாப் போனால் மை சரியில்லை.

மூன்றாவது, அக்ரிலிக் எழுத்தை ஒட்ட முதல் பெடியள் செய்யிற வேலை, ஸ்பிரிட்டில துடைக்கிறது. லேசரில வெட்டின அக்ரிலிக் விளிம்பில சூட்டால இழுவிசை நிக்கும். அதில ஸ்பிரிட் பட்டால் அந்த நிமிசமோ அடுத்த நாளோ விளிம்பு முழுக்க மயிர்க்கோடாய் வெடிக்கும். கண்ணாடிக்குள்ள சிலந்தி வலை விழுந்த மாதிரி இருக்கும். சவர்க்காரத் தண்ணியில கழுவி, நிழலில காயவைச்சு ஒட்டுங்கோ. ஸ்பிரிட் கட்டாயம் எண்டால் ரிஃப்ளெக்ரிவ் பக்கத்துக்கு மட்டும்.

பசைக்கு, ரெண்டு பக்கமும் ஒட்டுற நுரை வைச்ச விஎச்பி ரேப், எழுத்தை வெட்ட முதலே அக்ரிலிக் தாளின்ர பின்பக்கம் முழுக்க ஒட்டிப்போட்டு ரெண்டையும் சேத்து வெட்டினால் வடிவா வரும். ஆனால் வேகம் குறைவா ஓட்டினால் ரேப் உருகி விளிம்பில பால் மாதிரி வடியும். ஒரு கழிவுத் துண்டில பரீட்சிச்சுப் பாத்துப் பிடியுங்கோ. ஒட்டினாப் பிறகு ஒவ்வொரு எழுத்தையும் 15 விநாடியாவது அமத்திப் பிடிச்சு, ஒரு நாள் விட்டுக் கழுவுங்கோ. அண்டைக்கே பிறஷர் தண்ணி அடிச்சால் ஒரு எழுத்து றோட்டில கிடக்கும், ஒரு எழுத்து இல்லாத நம்பர் பிழையான நம்பர்.

மத்தியான வெயிலில கடைக்கு வெளியில வைச்சு ஒட்டாதேங்கோ. எங்கட பக்கத்துக் கிறவல் தூசு ரேப்பில படிஞ்சால் முதல் மாரிக்கு முதலே மூலை எழும்பும்.

லேசர்கடை_கிளி:

கனக்க நன்றி. எனக்கு அந்தப் பொடி எழுத்து விளம்பரம் எண்டுதான் நினைப்பு, கடைக்காரர் தன்ர பேரைப் போட்டிருக்கிறார் எண்டு. இப்ப விளங்குது.

ரெண்டு சந்தேகம். 4டி எண்டதே அங்க தடையோ? மற்றது, அவர் இப்ப கதையை மாத்தி "கண்காட்சிப் பிளேட் எண்டு போட்டுத் தா, ரோட்டில போடேல்லை" எண்டுறார். அப்பிடிச் செய்யலாமோ?

வெம்பிளி_வாசி:

4டி தடை இல்லை. உயர்ந்து நிக்கிற எழுத்தா இருந்தாலும் உருவம், அளவு, இடைவெளி, கறுப்பு, ஒளி திருப்புறது, பொடி எழுத்து எல்லாம் சரியா இருந்தால் சட்டம் ஏத்துக்கொள்ளும். தடை விழுறது ஆக்கள் அதோட சேத்துச் செய்யிற மற்ற வேலைகளாலதான். எழுத்தை மெலிய வெட்டுறது, ஓரத்தில சாம்பல் வரி விடுறது, பொடி எழுத்தை "வடிவு கெடும்" எண்டு எடுத்து விடுறது. பளபளப்பு ஸ்பிரே, புகை நிற மூடி போட்டுக் கமராவுக்கு ஒளிக்கிறது அடுத்த படி.

கண்காட்சிப் பிளேட் கதை பழைய கதை. "ரோட்டுக்கு அல்ல" எண்டு நீங்கள் பின்பக்கம் எழுதினாலும், பிளேட் உண்மையான நம்பரோட, உண்மையான அளவில, முன் வெள்ளை பின் மஞ்சளா இருந்தால் அது காரில ஏறத்தான் போகுது. ஏறினால் தண்டம் அவருக்கு. செய்து குடுத்தவற்ர பேரும் கதையில வரும்.

அவர் உண்மையில ஞாபகப் பொருள்தான் கேக்கிறார் எண்டால் வேற மாதிரிச் செய்து குடுங்கோ. உண்மையான நம்பரைப் போட வேண்டாம். அளவைப் பாதியாக்குங்கோ, 260 தர 55 போதும். ரிஃப்ளெக்ரிவ் தாளுக்குப் பதிலாச் சும்மா மஞ்சள் வினைல். எழுத்தைத் தமிழில போடுங்கோ. "இரணைமடு" எண்டோ "ஒட்டுசுட்டான்" எண்டோ கறுப்பு அக்ரிலிக்கில 5 மி.மீ. உயரத்தில நிண்டால் சுவரில கொழுவ நல்லாத்தான் இருக்கும். அங்க வீட்டுக் கதவில இப்பிடிப் போட்டு வைக்கிற சனம் இருக்கு. ஒரு காசும் வரும், வழக்கும் வராது.

குளக்கட்டு:

உள்ளூர்க் கேள்வி ரெண்டையும் எல்லாரும் விட்டுட்டுப் போட்டியள். ரெண்டு நாட்டிலயும் முன் வெள்ளை, பின் மஞ்சள், கறுப்பெழுத்து எண்டபடியால் ஒரே சட்டம் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. அங்க பதிஞ்ச கடை வெட்டும். இங்க 2000ஆம் ஆண்டு வந்த ஆங்கில எழுத்து இலக்கங்களுக்குத் தகடு குடுக்கிறது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மட்டும்தான். அரச இலச்சினை பதிச்சு, எழுத்தை அமத்தி எழுப்பி வாறது. அதைக் கடையில செய்யிறதுக்கு இடமே இல்லை.

ஓட்டோப் பெடியனுக்கு இதைச் சொல்லுங்கோ. எழுத்தின்ர முதல் எழுத்தே வாகன வகையைச் சொல்லுது: எல் எண்டால் லொறி, என் பஸ், பி எண்டால் வான் மாதிரி இரட்டைத் தேவை வாகனம். சரிச்சு, வளைச்சு எழுதினால் என் எது, எம் எது எண்டு செக் பொயின்ரில நிக்கிறவருக்குத் தெரியாது. தகட்டை வெட்டிச் சின்னனாக்கிறது, இலச்சினையை மறைச்சுச் சட்டம் போடுறது, கறுத்தக் கண்ணாடி மூடி போடுறது எல்லாம் மறிக்க ஒரு சாட்டுக் குடுக்கிற வேலை. அவனுக்குத் தகட்டைச் சுத்தி ஒரு மெல்லிய சட்டம் வேணும் எண்டால், எழுத்திலயும் இலச்சினையிலயும் ஒரு மி.மீ. கூடத் தொடாமல் வெட்டிக் குடுங்கோ. அதுக்கு மேல வேண்டாம்.

பழைய தகட்டில இடப்பக்கம் எங்கட மாகாணத்துக்கு என்.பி. எண்டு ரெண்டு எழுத்து இருக்கும். 2023 ஜனவரி 1 முதல் வாற புதுத் தகட்டில மாகாண எழுத்து இல்லை. வேற மாகாணத்தில வாகனம் வாங்கிப் பேர் மாத்தினால் தகடு மாத்த வேண்டிய அலைச்சலும் அதோட போச்சு. ஆனால் இருக்கிற தகட்டில என்.பி.யைச் சுரண்டி எடுக்கச் சொல்லி ஆராவது வந்தால் செய்யாதேங்கோ. இருக்கிறது இருக்கிறபடிதான் செல்லும்.

தகடு துலைஞ்சால் உங்களிட்ட வாறவைக்குச் சொல்ல வேண்டியது: முதல் பொலிஸில முறைப்பாடு, அதின்ர பிரதி கையில. பிறகு பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, மிச்சமா இருக்கிற மற்றத் தகடு எல்லாத்தோடயும் திணைக்களத்துக்கு விண்ணப்பம். கச்சேரியில இருக்கிற மோட்டார் பிரிவில படிவத்தையும் கட்டணத்தையும் கேட்டுப் போட்டு வெளிக்கிட்டால் ஒரு தேவையில்லாத பயணம் மிச்சம். புதுத் தகடு வரும்வரைக்கும் முறைப்பாட்டுப் பிரதி வாகனத்துக்குள்ள இருக்கட்டும்.

முள்ளியவளை ஐயாவின்ர மெசின் வேற சங்கதி. சிறீ நம்பரும், அதுக்குப் பிறகு வந்த கோடு போட்ட நம்பரும் சொந்தக்காரரே ஆளைப் பிடிச்சு எழுதுவிச்ச காலத்தது. அந்தச் சிறீ எழுத்து 1957இல தகட்டில ஏறினபோது வடக்குக் கிழக்கில நடந்த எதிர்ப்பு எங்கட தாத்தாமார் காலக் கதை. நாங்கள் தார் பூசின அதே எழுத்துத்தான் இண்டைக்கும் எங்கட வயல் மெசினுகளில நடுவில குந்திக்கொண்டு நிக்குது, வேடிக்கைதான். ஆனால் பதிவுப் புத்தகத்தில நம்பர் அப்பிடித்தான் இருக்கு, அதால எழுதுறதும் அப்பிடித்தான். தமிழில மாத்தவோ விட்டுவிடவோ கூடாது.

எழுத முதல் அவற்ர வாய்ச்சொல்லை நம்பாமல் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. அழிஞ்ச தகட்டில 3உம் 8உம், 1உம் 7உம் ஒண்டுதான். புத்தகத்தில இருக்கிற சேசி இலக்கத்தை மெசினில அடிச்சிருக்கிறதோட ஒத்துப் பாருங்கோ. தூரிகையை எடுக்கிறது அதுக்குப் பிறகு. பழைய எழுத்தின்ர மேல மெல்லிய கடதாசியை வைச்சுப் பென்சிலால தேய்ச்சால் மிச்சம் கிடக்கிற தடம் ஏறும். எழுத்தின்ர இடமும் பருமனும் அதில பிடிபடும். அதை எடுத்து வைச்சுப் போட்டுத்தான் உரஞ்சத் தொடங்க வேணும்.

பிறகு 120 உரஞ்சுதாள், அதுக்கு மேல 240. கறள் போன இடத்தில வெறும் இரும்பு மினுங்க வேணும். ரெட் ஒக்சைட் ஒரு பூச்சு, ஒரு இரவு காய விட்டு, எனாமல் ரெண்டு பூச்சு, ரெண்டுக்கும் இடையிலயும் ஒரு இரவு. எழுத்தைக் கடைசியா ஸ்ரென்சில் வைச்சு. வினைல் ஸ்ரிக்கரில வெட்டி ஒட்டினால் அரை மணித்தியால வேலைதான், ஆனால் வயலுக்க இறங்கி ஏறுற மெசினுக்கு அது நிக்காது. சேறு காஞ்சு உரியேக்கை ஸ்ரிக்கரும் சேந்து உரியும்.

ஒட்டுசுட்டான்_மெக்கானிக்:

குளக்கட்டு அண்ணை விட்ட ஒண்டு. மெசினுக்குப் பின்னால இழுவைப் பெட்டி கொழுவினால் மெசினின்ர பின் நம்பர் மறைஞ்சு போகும். பெட்டிக்குத் தனிப் பதிவு, தனி நம்பர் இருக்கு. அதை எழுதாமல் மெசின் நம்பரைப் பெட்டியில எழுதித் தரச் சொல்லிக் கேக்கிற ஆக்கள் இருக்கினம். எழுதாதேங்கோ. அதே பெட்டியை நாளைக்குப் பக்கத்து வீட்டு மெசின் இழுத்துக்கொண்டு போகும், அப்ப ஆற்ற நம்பர் அது?

நம்பரைப் பெட்டியின்ர பின் பலகையில எழுதாமல் சட்டத்தில தனித் தகடா ஆணி வைச்சுப் பூட்டச் சொல்லுங்கோ. நெல்லு, மண் இறக்கேக்கை பின் பலகையைத் திறந்து கீழ விடுவினம், அந்த நேரம் நம்பர் தலைகீழா ரோட்டைப் பாக்கும். பலகை மாத்தினால் நம்பரும் அதோட விறகுக்குப் போகும்.

ஐயா வரேக்கை சிவப்பு ரிஃப்ளெக்ரிவ் ரேப் ரெண்டு துண்டு பெட்டியின்ர ரெண்டு பின் மூலையிலயும் ஒட்டி விடுங்கோ. பரந்தன் முல்லைத்தீவு றோட்டில இரவில லைட் இல்லாமல் போற பெட்டியைப் பின்னால வாற மோட்டார் சைக்கிள் காணுறது கிட்ட வந்தாப் பிறகுதான். மேல சொன்ன மாதிரிச் சரிச்சுப் பாத்து மின்னுற தாளா வாங்குங்கோ.

லேசர்கடை_கிளி:

சரி. லண்டன்காரருக்கு ஊர்ப்பேர் போர்ட் எண்டு சொல்லியாச்சு, "முறிகண்டி" எண்டு போடச் சொல்லுறார். ஓட்டோப் பெடியனுக்கு இல்லை எண்டாச்சு, கோவிச்சுக்கொண்டு போட்டான். ஐயாவைப் பதிவுப் புத்தகத்தோட வரச் சொல்லியிருக்கு. பெட்டிக்குத் தனித் தகடு 3 மி.மீ. தகரத்தில வெட்டுறதோ, 1.5 காணுமோ?

ஒட்டுசுட்டான்_மெக்கானிக்:

1.5 காணும். ஆனால் நாலு விளிம்பையும் 10 மி.மீ. பின்னுக்கு மடிச்சு விடுங்கோ, இல்லாட்டி கிறவல் கல்லு அடிச்சு நெளியும். ஆணி ஓட்டைக்கு ரப்பர் வாசர் போடுங்கோ, அதிர்வில ஓட்டை பெருக்காது.